இரும்பு அலுமாரியிலிருந்து இணைய உலாவிக்கு: ஒரு பட்டறையின் வரைபடங்களைத் தேடி எடுக்கும் வழி

கொழும்பு 14, கிராண்ட்பாஸ். போர்த்துக்கேயர் காலத்தில் களனி ஆற்றைக் கடக்கும் பெரிய துறையாக இருந்ததால் வந்த பெயர் இது என்பார்கள். பின்னர் படகுகளைக் கோர்த்த பாலம் வந்தது. 1895இல் விக்டோரியா இரும்புப் பாலம் வந்தது. ஆறும் துறைமுகமும் பக்கத்தில் இருப்பதால் லேத் பட்டறைகளுக்கும் வெல்டிங் கடைகளுக்கும் பழைய இரும்பு வியாபாரத்துக்கும் இந்தப் பகுதி தோதானது. அப்படியான பட்டறை ஒன்றின் பின்னறையில் இருக்கும் பொறியியல் வரைபடங்களைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

உரிமையாளர் தன் பெயரையும் பட்டறையின் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வன்னியிலிருந்து கொழும்புக்கு வந்த தகப்பனார் தொடங்கிய தொழில் அது. அரிசி ஆலைகளுக்கான பாகங்கள், நீர்ப்பம்பிகளின் உறுப்புகள், படகு எஞ்சின்களுக்கான ஷாஃப்டுகள் என்று வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியிருக்கிறார்கள். 1983 ஜூலையில் முன்பக்கம் எரிந்தது. பின்னறையில் நின்ற இரும்பு அலுமாரி தப்பியது. அதற்குள் சுருள் சுருளாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள்.

"முந்தி எங்கட வரைஞர் ஒருத்தர் இருந்தவர், பிள்ளை. எந்த றோல் எங்க கிடக்குது எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அவர் போனாப் பிறகு அலுமாரி இருக்குது, ஆனா ஒண்டும் இல்லாத மாதிரி" என்றார் ஐயா.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் அவருடைய மருமகன் இந்தத் தாள்களை ஸ்கேன் செய்து, கணினியிலோ போனிலோ உள்ள பிரவுசரில் தேடக்கூடியதாக மாற்றும் வேலையைத் தொடங்கினார். அவர் எப்படிச் செய்தார், என்னென்ன சிக்கல்கள் வந்தன, இதே நிலையில் இருக்கும் மற்றவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைப் பல நாட்கள் அங்கே போய்வந்து குறித்துக்கொண்டேன். பட்டறை வைத்திருப்பவர்களுக்கு மட்டுமல்லாமல், கூட்டுறவுச் சங்கம், கோயில், பாடசாலை, நீர்வழங்கல் திட்டம் என்று பழைய பிளான்களைக் கட்டி வைத்திருக்கும் எவருக்கும் இது உதவும்.

ஒரு தாளின் பெறுமதி

தொழில் ரீதியான காரணம் எளிது. பழைய ஆலைக்காரர் ஒருவர் கிளிநொச்சியிலிருந்து தொலைபேசி எடுத்து, "உங்கட தகப்பனார் செய்து தந்த ஹலரின்ர ஷாஃப்ட் முறிஞ்சு போச்சு" என்கிறார். வரைபடம் கைக்கு வந்தால் அன்றைக்கே லேத்தில் ஏற்றலாம். வராவிட்டால் முறிந்த துண்டை பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். தேய்ந்துபோன பாகத்தை அளந்தால் தேய்ந்த அளவே கிடைக்கும், செய்தபோது இருந்த அளவு கிடைக்காது. அந்த வித்தியாசத்தில்தான் பெயாரிங் சூடேறிப் போகிறது.

இரண்டாவது காரணத்தை நான் அங்கே போன பிறகுதான் அறிந்தேன். இறுதி யுத்தத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முள்ளிவாய்க்கால் வரை போய், மெனிக் பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பிய குடும்பங்கள் பலவற்றிடம், தங்களிடம் ஆலை இருந்தது, இயந்திரம் இருந்தது என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. உறுதியும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை, புகைப்படமும் இல்லை. அப்படி ஒரு குடும்பத்துக்காக 1970களில் வரைந்த தாள் ஒன்று ஸ்கேன் செய்யும்போது கிடைத்தது. ஊர்ப் பெயர், ஆலை உரிமையாளரின் பெயர், திகதி, இயந்திரத்தின் அளவுகள் எல்லாம் அதில் இருந்தன. அந்தக் குடும்பத்தின் மகள் வந்து தாளைப் பார்த்துவிட்டுத் தகப்பனின் பெயரை விரலால் தொட்டுக்கொண்டு நின்றார் என்று மருமகன் சொன்னார்.

இப்படியான தாள் காணி உறுதிக்குச் சமமாகாது. இதைக் காட்டினால் நட்டஈடு கிடைத்துவிடும் என்று எவருக்கும் நம்பிக்கை கொடுக்கவும் கூடாது. ஆனால் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான புனர்வாழ்வு அதிகாரசபை முதல் 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த இழப்பீடுகளுக்கான அலுவலகம் வரை, இழந்த சொத்தைப் பற்றிப் பேசப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது ஏதாவது எழுத்து இருக்கிறதா என்பதே. மூன்றாம் தரப்பு ஒன்றின் அலுமாரியில், பிரச்சினை தொடங்குவதற்கு முன்பே திகதியிட்டுக் கிடந்த தாளுக்கு அங்கே ஒரு கனம் இருக்கிறது.

வடக்கின் பெரிய தொழிற்சாலைகளை நினைத்துப் பாருங்கள். 1950இல் இயங்கத் தொடங்கி 1990இல் நின்றுபோன காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை, யுத்தத்தில் சிதைந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை. இவற்றின் சுவர்கள் விழுந்ததை எல்லோரும் பேசினோம். உள்ளே இருந்த வரைபட அறைகள் என்னவாயின என்று நாங்கள் கேட்டதில்லை. அமெரிக்காவில் 1969இலிருந்து இதற்கென்றே வரலாற்றுப் பொறியியல் பதிவுத் திட்டம் ஒன்று இயங்குகிறது. பாலங்கள், ஆலைகள், சுரங்கங்களின் வரைபடங்களும் படங்களும் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத்தளத்தில் எவரும் தேடக்கூடியதாகக் கிடக்கின்றன. ஆலை இடிக்கப்பட்டுவிட்டாலும் அது எப்படி இயங்கியது என்பதை ஒரு மாணவர் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

முதலில் தாளை அறிந்துகொள்ளுங்கள்

ஸ்கேனரைத் தேடி ஓடுவதற்கு முன் அலுமாரியில் இருப்பவை எந்த வகைத் தாள்கள் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள் இருந்தால் அது உண்மையான புளூபிரிண்ட். ஜோன் ஹேர்ஷல் 1842இல் கண்டுபிடித்த இரும்பு உப்பு முறை அது. வெளிச்சத்தில் மங்கும், காரத்தன்மையுள்ள பொருள் பட்டால் நீலமே போய்விடும். ஆவணப் பாதுகாப்புக்கென்று விற்கப்படும் காரம் சேர்த்த உறைகள் மற்றத் தாள்களுக்கு நல்லவை, புளூபிரிண்டுக்குக் கெடுதி. வெள்ளைப் பின்னணியில் நீலம் அல்லது ஊதாக் கோடுகள் இருந்தால் அது அமோனியா பிரிண்ட். பழைய வரைஞர்களுக்கு அதன் நெடி இன்னும் மூக்கில் நிற்கும். இதைப் புளூபிரிண்டோடு ஒன்றாகச் சுருட்டி வைக்கக் கூடாது.

மூன்றாவது வகை, துணியில் மாப்பசை ஏற்றிச் செய்த டிரேசிங் துணி. மூலப்படம் பெரும்பாலும் இதில்தான் மையால் வரையப்பட்டிருக்கும். பார்க்க உறுதியானது, ஆனால் தண்ணீர் பட்டால் பசை கரைந்து கோடும் போய்விடும். கிராண்ட்பாஸில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. களனி பெருக்கெடுக்கும்போதெல்லாம் வானொலியில் கேட்கும் நாகலகம் வீதி நீர்மட்டம் இந்தப் பகுதியில்தான் அளக்கப்படுகிறது. 2016 மே வெள்ளத்தில் அருகிலுள்ள கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் நாட்கணக்கில் நீரில் நின்றன. எனவே ஸ்கேன் செய்யும் வரிசையை வயதைப் பார்த்துத் தீர்மானிக்காமல் அபாயத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். இந்தப் பட்டறையில் டிரேசிங் துணிகளை முதலில் எடுத்தார்கள். அலுமாரியின் கீழ்த்தட்டை வெறுமையாக்கினார்கள்.

ஸ்கேன் செய்வது

ஏ1 தாள் 594 மில்லிமீற்றர் அகலமும் 841 மில்லிமீற்றர் நீளமும் கொண்டது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 7,016 புள்ளி அகலம், 9,933 புள்ளி நீளம். அதாவது கிட்டத்தட்ட 7 கோடிப் புள்ளிகள். சுருக்காமல் சேமித்தால் சாம்பல் நிறத்தில் சுமார் 70 மெகாபைட், நிறத்தில் 210 மெகாபைட். வெறும் கறுப்பு வெள்ளையாக்கிச் சுருக்கினால் ஒரு மெகாபைட்டுக்குள்ளும் அடக்கலாம். இந்தச் சிக்கனத்தில் மயங்க வேண்டாம். மங்கிய புளூபிரிண்டைக் கறுப்பு வெள்ளையாக்கினால் பென்சிலால் பிறகு எழுதிய திருத்தங்கள் மறைந்துவிடும். பட்டறையில் உண்மையான அளவு பெரும்பாலும் அந்தப் பென்சில் எழுத்தில்தான் இருக்கும். மூலப்பிரதியை நிறத்திலேயே டிஃப் கோப்பாக வைத்துக்கொண்டு, அன்றாடப் பாவனைக்குச் சிறிய பிரதி ஒன்றை எடுத்துக்கொள்வது சரியான வழி.

பெரிய தாளை ஸ்கேன் செய்யும் கடைகள் கொழும்பில் உண்டு. தாளுக்குத் தாள் காசு கொடுக்க வேண்டியிருக்கும். உருளைகளுக்கிடையே இழுக்கும் ஸ்கேனரில் நொறுங்கும் தாளை விடக் கூடாது, அது திரும்பிச் சுருளாக வராது. அப்படிப்பட்டவற்றை மேசையில் விரித்து, கண்ணாடித் தகட்டை மேலே வைத்து, நேர் மேலிருந்து கெமராவில் எடுத்தார்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரு அடிமட்டத்தையும் சேர்த்து எடுப்பது நல்ல பழக்கம். ஆனால் அது பருமன் தெரிவதற்காக மட்டுமே. ஸ்கேன் படத்தில் கோட்டை அளந்து பாகம் வெட்டக் கூடாது. தாள் சுருங்கியிருக்கும், கெமரா வளைத்திருக்கும். எழுதியிருக்கும் அளவே அளவு.

தேடலின் உயிர் ஒரு மூலையில்

வரைபடத்தின் கீழ் வலது மூலையில் ஒரு பெட்டி இருக்கும். வரைபட இலக்கம், தலைப்பு, வரைந்தவர், திகதி, அளவுத்திட்டம், திருத்த எழுத்து எல்லாம் அதில் வரும். பிரித்தானிய மரபில் 1927இல் வந்த பிஎஸ் 308 தரத்தைப் பின்பற்றி வரையக் கற்ற தலைமுறை இங்கே இருந்தது. இப்போது அந்தப் பெட்டியில் என்ன வர வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 7200 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. தேடல் என்பது இந்த மூலையை மனிதர் வாசித்துத் தட்டச்சு செய்வதில்தான் தங்கியிருக்கிறது.

இதைச் சொன்னால் இளைஞர்கள் சிரிக்கிறார்கள். எழுத்துணரி மென்பொருள் இருக்கிறதே, செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே என்கிறார்கள். டெசரக்ட் என்ற இலவச மென்பொருள் 1980களில் எச்பி நிறுவனத்தில் பிறந்து, 2005இல் திறந்த மூலமாகி, இன்று தமிழையும் வாசிக்கிறது. அச்சிட்ட புத்தகத்துக்கு அது அருமை. வரைபடத்தில் எழுத்துக்கள் படுக்கையாகவும் நிமிர்ந்தும் சரிந்தும் இருக்கும். கோடுகள் எழுத்தின் மேலாகப் போகும். விட்டக் குறியை அது பூச்சியம் என்று வாசித்தால் 40 விட்டம் 040 ஆகிவிடும். மருமகன் முதல் மாதத்தில் அதை முயன்று பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தார். தாளுக்கு 10 நிமிடம் எடுத்தாலும் 1,000 தாளுக்குச் சுமார் 167 மணித்தியாலம். நாளுக்கு 2 மணித்தியாலம் என்றால் 84 நாள். மூன்று மாத வேலை. இது முடியாத காரியம் இல்லை.

எங்களிடம் இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 97,000 அளவிலான நூல்கள் எரிந்த சமூகத்திலிருந்து 2005இல் எழுந்த நூலகம் இணையத்தளம், இன்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களை வைத்திருக்கிறது. விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில்தான் அது நிற்கிறது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு இலக்கம், ஒரு பக்கம், அந்தப் பக்கத்தில் மனிதர்கள் பதிந்த விபரம். பளபளப்பான தொழில்நுட்பம் எதுவும் அங்கே இல்லை, ஆனாலும் தேடினால் கிடைக்கிறது. பட்டறை வரைபடத்துக்கும் அதே முறை போதும்.

பதிய வேண்டிய விபரங்களில் இடம் என்ற ஒன்றுதான் எங்கள் மக்களுக்கு அதிக சிக்கலானது. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல், முல்லைத்தீவு 1978இல். அதற்கு முந்திய தாள்களில் பரந்தன் யாழ்ப்பாண மாவட்டத்தில் இருக்கும். வரைஞர் பருத்தித்துறையை பொயின்ட் பெட்ரோ என்றும் ஆனையிறவை எலிபன்ட் பாஸ் என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். தாளில் உள்ளதை உள்ளபடியே ஒரு பெட்டியிலும், இன்றைய தமிழ்ப் பெயரையும் மாவட்டத்தையும் இன்னொரு பெட்டியிலும் போட வேண்டும். தாளில் உள்ளதைத் திருத்திவிடக் கூடாது. நாளைக்கு அதைச் சான்றாகக் காட்டும்போது அந்த எழுத்தே முக்கியம்.

தமிழில் தேடினால் கிடைக்குமா?

1990களின் பிற்பகுதியிலிருந்து பட்டறையில் ஓட்டோகேட் வந்துவிட்டது. கணினியில் வரைந்தது என்பதால் அவை தானாகவே தேடலில் வரும் என்று நினைப்போம். இரண்டு காரணங்களால் வராது. ஓட்டோகேட்டின் பழைய எழுத்துருக்கள் எழுத்தைக் கோடுகளாகவே வரைபவை. அப்படி வரைந்ததை பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்கு எழுத்து, கணினிக்குக் கீறல். அடுத்தது எங்கள் சொந்தத் தலையிடியான பாமினி. யுனிக்கோட் பரவுவதற்கு முன்பு இலங்கையில் பாதித் தமிழ் பாமினியில்தான் அடிக்கப்பட்டது. அது ஆங்கில எழுத்துக்களுக்குத் தமிழ் முகமூடி போட்ட எழுத்துரு. திரையில் "கப்பி" என்று தெரிவது கோப்புக்குள் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டமாக இருக்கும். தமிழில் தேடினால் ஒன்றும் வராது. நல்லவேளையாக மாற்றிகள் உண்டு. 'பொங்குதமிழ்' மாற்றியைப் பழைய இணைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோப்பிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்து மாற்றியில் போட்டு யுனிக்கோடாகத் தரவுத்தளத்தில் வைத்தால் போதும், மூல வரைபடத்தைத் தொடத் தேவையில்லை.

யுனிக்கோடிலும் ஒரு பொறி இருக்கிறது. மென்பொருள் எழுதுவோர் இதைக் கவனியுங்கள். மருமகன் பாவித்தது எஸ்கியூலைட் என்ற சிறிய இலவசத் தரவுத்தளம். அதன் முழுஎழுத்துத் தேடல், எழுத்து, எண் என்ற வகைகளை மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். தமிழின் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் யுனிக்கோடில் அந்த வகைகளில் சேராதவை. எனவே அவை வரும் இடத்தில் சொல்லை வெட்டிவிடும். "கப்பி" உள்ளே "கப", "ப" என்று இரண்டு துண்டாகும். "கப்பு" என்பதும் அப்படியே. ஒன்றைத் தேடினால் மற்றதும் வரும். குறிகளையும் சொல்லின் பகுதியாக எடு என்று அமைப்பில் ஒரு வரி சேர்த்தால் இது தீரும். அல்லது 2020 டிசம்பரில் வந்த பதிப்பிலிருந்து கிடைக்கும் மூன்று மூன்று எழுத்துக்குறியாகப் பதியும் முறையைப் பாவிக்கலாம். தமிழுக்கு இரண்டாவதுதான் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். "கப்பியின்", "கப்பிக்கு" என்று வேற்றுமை ஏறிய சொற்களும் "கப்பி" என்று தேடும்போது அகப்படும்.

சொற்களின் பிரச்சினை அதோடு முடிவதில்லை. வரைஞர் தாளில் ஆங்கிலத்தில் புலி என்று எழுதியதை ஆலைக்காரர் கப்பி என்பார். லேத்தில் நிற்கும் சிங்களத் தம்பி இன்னொரு சொல் சொல்வார். பேரிங் என்றும் பெயாரிங் என்றும் எழுதுவோம். இதற்காக அவர்கள் ஒரு சாதாரண கொப்பியில் பட்டியல் எழுதினார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று மொழிகளிலும் பட்டறைப் பேச்சிலும் உள்ள பெயர்கள். அதைத் தரவுத்தளத்தில் ஏற்றியதும் எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே தாள் வருகிறது. அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தபோது இதுவே தனியாக அச்சிட வேண்டிய ஒன்று என்று தோன்றியது. வடக்கில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடவிட்ட கைகளின் சொற்களும் அதில் சில இருக்கின்றன. அந்தக் கைகள் செய்தவற்றுக்கு வரைபடமே கிடையாது.

அளவுகளும் அப்படியே. 1970களில் நாடு மெற்றிக் முறைக்கு மாறத் தொடங்கியது, பட்டறை மெதுவாகத்தான் மாறியது. முக்கால் அங்குலம் என்று தாளில் இருப்பதை 19.05 மில்லிமீற்றர் என்றும் பதிய வேண்டும். புரிகளில் இன்னும் கவனம் தேவை. பழைய விட்வொர்த் புரியின் கோணம் 55 பாகை, இன்றைய மெற்றிக் புரி 60 பாகை. பார்வைக்கு ஒன்று போலிருந்தாலும் ஒன்றில் மற்றது பிடிக்காது. எனவே புரி வகைக்குத் தனிப் பெட்டி.

பிரவுசரில் காட்டுவது

70 மில்லியன் புள்ளிப் படத்தை அப்படியே போனுக்கு அனுப்பினால் போன் திணறும். இணைய வரைபடங்களில் ஊரைப் பெரிதாக்கிப் பார்க்கும் முறையே இங்கும் கைகொடுக்கிறது. படத்தை 256 புள்ளிச் சதுரங்களாக வெட்டி வைப்பார்கள். ஒரு ஏ1 தாளுக்கு முழு அளவில் 28 பெருக்கல் 39, அதாவது 1,092 சதுரங்கள். பிறகு அதன் பாதி, காற்பங்கு என்று சிறிய பிரதிகள். பார்ப்பவர் எந்த மூலையைப் பெரிதாக்குகிறாரோ அந்தச் சில சதுரங்கள் மட்டுமே போகும். ஓபன்சீட்ராகன், லீஃப்லெட் என்ற இரண்டு இலவச நிரல்களும் இதைச் செய்யும். லீஃப்லெட்டை 2011இல் எழுதியவர் ஓர் உக்ரேனியர் என்பதை இடையில் சொல்லிவைக்கிறேன்.

பிரவுசர் என்றதும் இணையம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் பட்டறையில் எல்லாம் உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெரி பை கணினி ஒன்றில் இருக்கின்றன. றூட்டரோடு இணைத்திருக்கிறார்கள். பட்டறை வைஃபையில் உள்ள எந்தப் போனிலும் முகவரியைத் தட்டினால் தேடல் பெட்டி வரும். வெளி இணையத்துக்கு அது போவதேயில்லை. மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணமும் இல்லை. பெரிய நிறுவனங்கள் வாங்கும் வரைபட முகாமை மென்பொருள்கள் நல்லவைதான். ஆனால் வருடச் சந்தாவை டொலரில் கட்டுவது என்றால் என்ன என்பதை 2022க்குப் பிறகு இலங்கையில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்த வருட மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததையும் நினைவில் வைத்துச் சிறிய யூபிஎஸ் ஒன்றை மாட்டியிருக்கிறார்கள்.

தேடல் முடிவுகளைக் காட்டும் வரிசையில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. ஒரே பாகத்துக்கு முதல் வரைபடம், அதன் ஏ திருத்தம், பி திருத்தம் என்று மூன்று தாள் இருக்கும். அலுமாரியில் இருந்தபோது பழையது அடியில் புதைந்து கிடந்தது, எவரும் எடுக்கவில்லை. தேடல் வந்ததும் அதுவும் மேலே வருகிறது. பழைய தாளைப் பார்த்து வெட்டினால் நல்ல உருக்கு வீண், சில வேளை ஓடும் இயந்திரத்தில் ஆளுக்கும் ஆபத்து. எனவே கடைசித் திருத்தமே முதலில் வர வேண்டும். மற்றவற்றின் குறுக்கே "பாவனையில் இல்லை" என்று சிவப்பில் விழ வேண்டும். பழையதை அழிக்கவும் கூடாது. 1970களின் இயந்திரம் ஒன்று இன்னமும் பழைய அளவிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம்.

வரைபடம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதற்கும் ஓர் உதாரணம். சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய சற்றேர்ன் 5 ரொக்கெட்டின் வரைபடங்கள் தொலைந்துவிட்டன என்று ஒரு கதை உலாவுகிறது. அது பொய், அவை இருக்கின்றன. ஆனாலும் அதன் எஃப்1 எஞ்சினைப் புரிந்துகொள்ள 2013ஐ ஒட்டிய காலத்தில் நாசாவின் இளம் பொறியியலாளர்கள் பழைய எஞ்சின் ஒன்றைக் கழற்றி ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது. அந்நாள் வெல்டர்கள் வேலையின்போது கையால் செய்த சரிப்படுத்தல்கள் வரைபடத்தில் இல்லை. இதை ஐயாவிடம் சொன்னபோது, "நாசாவிலயும் எங்கட மாதிரித்தானோ" என்று சிரித்தார். அதன் பிறகு ஒவ்வொரு பதிவிலும் "வேலைக் குறிப்பு" என்று ஒரு பெட்டி சேர்த்தார்கள். ஓய்வுபெற்ற லேத்காரர் ஒருவர் வாரம் ஒருமுறை வந்து தேநீர் குடித்தபடி சொல்லச் சொல்ல மருமகன் பதிகிறார்.

யார் பார்க்கலாம்?

இந்த இடத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பேன். ஊர், பெயர், திகதி எல்லாம் தேடக்கூடியதாக இருப்பது இரண்டு பக்கமும் வெட்டும். சுருட்டிய வரைபடத்தைச் சோதனைச்சாவடியில் விரித்துக் காட்டி விளக்கம் சொல்ல வேண்டியிருந்த சமூகம் நாங்கள். யாருடைய காணியில் என்ன இருந்தது என்ற பட்டியல் எல்லோர் கைக்கும் போகக் கூடாது. ஐயாவின் தீர்மானம் இது: பாகத்தின் பெயரிலும் இலக்கத்திலும் பட்டறையில் எவரும் தேடலாம், வாடிக்கையாளர் பெயரில் தேடக் கடவுச்சொல் வேண்டும், அது இருவரிடம் மட்டுமே இருக்கும். குடும்பத்தவர் நேரில் வந்தால் பிரதி இலவசம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. வெளிநாட்டு உற்பத்தியாளர்களின் வரைபடங்களுக்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பொருந்தும். அவற்றைப் பட்டறைக்கு வெளியே போடக் கூடாது.

பிரதிகள் விடயத்தில் பொதுவாகச் சொல்லப்படும் விதி: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். கிராண்ட்பாஸ் பட்டறை அதற்கு இரண்டு வன்தட்டுகளை வாங்கியது. ஒன்று வெள்ளவத்தையில் மகள் வீட்டில், நான்காம் மாடியில். மற்றது வவுனியாவில் உறவினர் ஒருவரிடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஊருக்குப் போகும்போது வன்தட்டுகள் மாறுகின்றன. திரும்பி வந்ததைத் திறந்து நாலைந்து தாளையாவது வாசித்துப் பார்க்கிறார்கள். வாசித்துப் பார்க்காத பிரதியைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று மருமகன் சொன்னார்.

மூலத் தாள்களை எறியவில்லை. சுருளை விரித்துத் தட்டையாக்கி, வகை பிரித்து, வெளிச்சம் படாமல் மேல் தட்டுகளில் அடுக்கியிருக்கிறார்கள். இலக்கமோ பெயரோ இல்லாத தாள்கள் இன்னும் ஒரு கட்டு மிச்சமிருக்கிறது. மூலை கிழிந்தவை, கரையான் அரித்தவை. அவற்றுக்குத் தற்காலிக இலக்கம் கொடுத்து, "அடையாளம் தெரியாதவை" என்ற தலைப்பில் படத்தை மட்டும் ஏற்றியிருக்கிறார்கள். வடக்கிலிருந்து பழைய வாடிக்கையாளர் எவராவது வந்தால் தேநீர் வருவதற்கு முன்பே ஐயா போனை நீட்டுகிறார். நான் கடைசியாகப் போன அன்று, மன்னாரிலிருந்து வந்திருந்த ஒருவர் அப்படிப் பார்த்து இரண்டு தாள்களுக்கு ஊர்ப் பெயர் சொன்னார்.